மடிக்கணினிக்கு மறுவாழ்வு

நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் அலமாரிகளில் ஒரு மடிக்கணினி உறங்கிக் கொண்டிருக்கிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்காகத் தவணையில் வாங்கியதாக இருக்கலாம். அரசு விலையில்லாமல் வழங்கியதாகவும் இருக்கலாம். மின் இணைப்பில் இருந்தால்தான் இயங்கும். மின்சாரம் ஒரு நொடி தடைப்பட்டால் செய்த வேலையெல்லாம் போய்விடும். 'பழையதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்' என்று வீட்டில் தீர்ப்பு எழுதி ஒதுக்கி வைத்துவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. திரை நன்றாக இருக்கும்; விசைப்பலகை பழுதின்றி இருக்கும். முதுமை எய்தியது அதன் மின்கலம் மட்டுமே. பேட்டரி என்று நாம் அழைக்கும் அந்த ஒற்றை உறுப்பை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் போதும். அதை அறியாததால் பல பத்தாயிரம் ரூபாயை இழக்கிறோம்.

லித்தியம் அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கியமைக்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிராஃபைட்டால் ஆன எதிர்முனைக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம், எதிர்முனையின் மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது மீள்வதில்லை. அதனால் கொள்ளளவு குறைகிறது; உள்மின்தடை கூடுகிறது. வெப்பமும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் வைத்திருப்பதும் இத்தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. ஆகவே மின்கலம் தேய்வது குறைபாடன்று, அதன் இயல்பு. சைக்கிளின் டயரைப் போல, மாற்றப்பட வேண்டிய உறுப்பு அது.

ஆயினும், மின்கலத்தின் மீது பழிபோடும் முன் மூன்று ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, சார்ஜர். கம்பி உள்ளே அறுந்திருந்தாலும், கணினிக்குத் தேவையான வாட் அளவைவிடக் குறைந்த சார்ஜரைப் பயன்படுத்தினாலும் மின்னேற்றம் நடைபெறாது. நண்பரிடமிருந்து அதே வகைச் சார்ஜரை வாங்கிப் பொருத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டாவது, அமைப்பு. மின்கல ஆயுளைக் காக்க, 80 விழுக்காட்டுடன் மின்னேற்றத்தை நிறுத்திவிடும் வசதி இன்றைய கணினிகள் பலவற்றில் உண்டு. அதைப் பழுதென்று எண்ணிக் கடைக்கு ஓடுபவர்கள் பலர். மூன்றாவது, மென்பொருள். பின்னணியில் ஓயாமல் இயங்கும் ஏதேனும் ஒரு செயலி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்.

இம்மூன்றும் இல்லையெனில், மின்கலத்தை அளந்து பார்க்கலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் அதையொட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்ற சொல்லும் இட்டால், கணினியே ஓர் அறிக்கையைத் தயாரித்து, அது சேமிக்கப்பட்ட இடத்தையும் காட்டும். அந்த அறிக்கையில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று 'டிசைன் கெபாசிட்டி', அதாவது புதிதாக இருந்தபோது மின்கலம் கொள்ள வேண்டிய அளவு. மற்றொன்று 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி', அதாவது இன்று அது கொள்ளும் அளவு. ஆப்பிள் கணினிகளில் அமைப்புகளின் பேட்டரி பகுதியிலேயே அதன் நலம் குறிக்கப்பட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: புதிதில் 50 வாட்-மணி கொண்ட மின்கலம் இன்று 30 வாட்-மணிதான் கொள்கிறது என்றால், அதன் நலம் 60 விழுக்காடு. சராசரியாக 10 வாட் செலவழிக்கும் கணினி, முன்பு ஐந்து மணி நேரம் உழைத்தது. இன்று மூன்று மணி நேரமே உழைக்கும். 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மாற்றத் தேவையில்லை. 60-க்குக் கீழே இறங்கி, அன்றாட வேலைக்கு அது போதவில்லை என்றால் மாற்றலாம். திரையில் 30 விழுக்காடு மீதமிருப்பதாகக் காட்டும்போதே கணினி திடீரென அணைந்தால், உள்மின்தடை கூடிவிட்டது என்று பொருள்; அப்போதும் மாற்றுவதே நன்று.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி, வீக்கம். தொடுபலகை மேலெழும்பி இருந்தாலோ, அடிப்பாகம் புடைத்து மேசை மீது கணினி ஆடினாலோ, மின்கலத்தினுள் வாயு சேர்ந்துள்ளது. அதற்குப் பின் எந்தக் கணக்கும் தேவையில்லை. உடனே கணினியை அணைத்து, மின்னேற்றுவதை நிறுத்திவிட வேண்டும். வீங்கிய மின்கலத்தை அழுத்துவதும் துளையிடுவதும் தீயை வரவேற்பதற்குச் சமம். அதைக் கழற்றும் பொறுப்பைத் தேர்ந்த தொழில்நுட்பரிடம் விட்டுவிட வேண்டும்.

புதிய மின்கலம் வாங்கும்போது கணினியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது பிழை. ஒரே பெயரில் வெளிவரும் கணினிகளுக்குள்ளேயே வெவ்வேறு மின்கலங்கள் இருப்பதுண்டு. பழைய மின்கலத்தின் மேல் ஒட்டியுள்ள தாளில் உதிரிபாக எண், வோல்ட், வாட்-மணி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். உதிரிபாக எண்ணும் வோல்ட்டும் பொருந்த வேண்டும்; இணைப்பானின் வடிவமும் ஒத்திருக்க வேண்டும். லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம் என்பதால், அக்குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரற்ற சரக்கில், அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பாதுகாப்புச் சுற்றும் ஐயத்துக்குரியதே.

மாற்றும் வேலைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் மின்கலத்தை 25 விழுக்காட்டுக்குக் கீழே வடிய விட வேண்டும். மின்னேற்றம் குறைவாக இருந்தால் தவறு நேர்ந்தாலும் ஆபத்து குறைவு. பின்னர் கணினியை உறக்க நிலையில் விடாமல் முற்றிலுமாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அளவு பொருந்தும் சிறு திருப்புளியால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, அவை இருந்த வரிசையிலேயே ஒரு தாளில் வைக்க வேண்டும். திருகுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுபடலாம். நீளமான திருகைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் உள்ளிருக்கும் பலகை உடையும். மூடியின் விளிம்பை நெம்புவதற்குக் கத்தி கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் தகடே சரி.

மூடி திறந்ததும் முதல் வேலை, மின்கலத்தின் இணைப்பானைத் தாய்ப்பலகையிலிருந்து விடுவிப்பது. கம்பியைப் பிடித்து இழுக்காமல் இணைப்பானைப் பிடித்தே கழற்ற வேண்டும். அதன் பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். மின்கலத்தைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, திருகுகளை முறுக்கி, இறுதியாக இணைப்பானைச் செருகி மூடியை அடைக்கலாம். பின்பு முழுமையாக மின்னேற்றி, மீண்டும் அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தால், இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக நிற்கும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுவது நலம். மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருந்தால், பழக்கமில்லாதவர்கள் மூடியை மீண்டும் அடைத்துவிட்டுத் தொழில்நுட்பரை நாடுவதே அறிவுடைமை.

கழற்றிய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் எறியக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அது தீப்பற்றக்கூடும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் கழிவுடன் சேராமல் அதைத் தனியே ஒப்படைக்கும் கடமையை நுகர்வோருக்கும், திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கும் விதித்துள்ளன. முனைகளில் காப்பு நாடா ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு எளிய வேலையை அரிதாக்கியது யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை மடிக்கணினியின் அடியில் இரண்டு தாழ்ப்பாள்களைத் தள்ளினால் மின்கலம் கையோடு வந்துவிடும். மெலிதான கணினி வேண்டும் என்ற போட்டியில் அது உள்ளே சென்றது. திருகுகளுக்குப் பின்னால் மறைந்தது. சிலவற்றில் பசையால் ஒட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கலச் சட்டம், 2027 பிப்ரவரி முதல், கையடக்க மின்கலங்களைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி கருவிகள் அமைய வேண்டும் என்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் தகவல் தருவது வேறு, கடமையாக்குவது வேறு.

தமிழக அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது; 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கும் திட்டத்தை 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இலட்சக்கணக்கில் வாங்கும் அரசுக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. மின்கலத்தை எளிதில் மாற்ற முடிய வேண்டும், உதிரிபாகம் ஐந்தாண்டுகளுக்காவது நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை ஒப்பந்தப் புள்ளியில் சேர்த்தால், அந்தக் கணினிகளின் ஆயுள் நீளும். ஏழை மாணவருக்குக் கணினி கிடைப்பது ஒருமுறைதான். அது கெட்டால் மறுமுறை வாங்கும் வசதி அவருக்கு இல்லை.

பொருளைத் தூக்கி எறியாமல் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. ஈயம் பூசுபவரும் குடை பழுது பார்ப்பவரும் தெருத்தெருவாக வந்த நாடு இது. அலமாரியில் உறங்கும் அந்த மடிக்கணினியை இன்று வெளியே எடுத்து, ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து பாருங்கள். அது இறந்துவிட்டதா, பசித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.