வேப்பெண்ணெயில் எது புதுசு?

கடனா நதி பாயும் ஆழ்வார்குறிச்சி வயல்களில் வேப்பெண்ணெய் தெளிக்கும் விவசாயிக்கு ஒன்று தெரியும்: காதி சோப்பைக் கரைத்துக் கலக்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும், இலையில் பிடிக்காது. இதற்கு மிக நெருக்கமான ஒரு கலவைக்குத்தான் 1994-ல் ஐரோப்பா காப்புரிமை வழங்கியது.

வாங்கியவர்கள் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும். 0.1 முதல் 10 சதவீதம் வேப்பெண்ணெய், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்க 0.005 முதல் 5 சதவீதம் சோப்பு போன்ற பொருள், மீதி தண்ணீர். பயிரின் பூஞ்சை நோய்க்கு இதைத் தெளிப்பதே அவர்கள் உரிமை கோரிய முறை.

எண்ணெயைப் பிரித்தெடுக்கும் விதத்தையும் காப்புரிமை வரையறுத்தது. பொடித்த வேப்பங்கொட்டையை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்தால் எண்ணெய் கரைந்து வந்துவிடும். பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் பெரும்பாலும் சக்கையிலேயே தங்கும். அதை எடுக்க ஆல்கஹால் வேண்டும். கரைப்பானை ஆவியாக்கினால் அசாடிராக்டின் ஏறக்குறைய இல்லாத எண்ணெய் மிஞ்சும். எண்ணெய் வித்துத் தொழிலில் ஹெக்சேன் அன்றாடப் பொருள். அப்படியானால் இதில் கண்டுபிடிப்பு எங்கே?

1995-ல் இந்தியச் சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு மூவரும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். வேம்பு நம் பாட்டன் சொத்து என்ற முழக்கம் மட்டும் மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் எடுபட்டிருக்காது. காப்புரிமை கேட்பதற்கு முன்பே வேம்புச் சாற்றைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தியதாக இந்தியத் தொழில்முனைவர் ஒருவர் அங்கே போய்ச் சாட்சி சொன்னார். அதுதான் கனமான ஆதாரம். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது.

அமெரிக்காவில் அந்தச் சாட்சியம் செல்லுபடியாகியிருக்காது. வெளிநாட்டில் ஒரு முறை புழக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்றே அப்போது அங்கே சட்டம் இருந்தது. எழுதிவைக்காமல் தொழில் செய்த நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய அநியாயம். 2013-ல்தான் அது மாறியது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவின்படி மரபறிவுக்குக் காப்புரிமை கிடையாது. 2(1)(ஜேஏ) பிரிவோ, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றக்கூடிய எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. புதிய பிரித்தெடுப்பு முறையோடு விண்ணப்பிக்கும் ஆழ்வார்குறிச்சி ஆராய்ச்சி மாணவரும் இந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். இத்தகைய மேல்முறையீடுகளுக்கென இருந்த தனித் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டதால், இப்போது அதைச் சென்னை உயர் நீதிமன்றமே விசாரிக்கிறது.