"எந்த ஊர், எந்தத் தெரு?"



மன ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் முதலில் எங்களையே விசாரிக்கிறார்கள். "உங்களுக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?" சுரண்டைப் பக்கம் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ஆலோசகர் மேல்சாதி என்று தோன்றினால், பட்ட அவமானத்தை மறைத்து, "தூக்கம் வரலை ஐயா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் வெள்ளைக்கார ஆலோசகர் முன் கறுப்பின மக்கள் தயங்குவதும் இது போன்றதே. சொந்தச் சாதிக்காரரிடமோ, ஊரெல்லாம் பேச்சாகிவிடும் என்ற பயம்!

மேல்நாட்டுப் பாடம், ஆலோசகர் புத்தி சொல்லலாகாது என்கிறது. இங்கோ, "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்கிறார்கள். மனநல மருத்துவர் நேகி 1973-இல் குரு–சீடன் உறவையே சிகிச்சைக்கு மாதிரியாகக் காட்டினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குகிறார்கள். ஆனால், காயப்படுத்தியவர் வீட்டிலேயே இருந்தால்? கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பத்து நிமிடம் தனியே கேட்கிறோம்.