30 கிரெடிட்டும் 40 மணி நேரமும்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா ஒரே பெரிய பரீட்சையில் முடிவாகிற காரியம் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து 30 கிரெடிட் சேர்க்க வேண்டும். 110 மணி நேரப் பாடமொன்றை முடித்து, 50 சதவீதம் எடுத்தால் ஒரு கிரெடிட். ஆங்கிலத்தில் மட்டும் 4, கணிதத்தில் 3 கட்டாயம்.

ஒரு பாடத்தில் கோட்டை விட்டால் வருடமே வீணாகாது. அதை மட்டும் கோடைகால வகுப்பில் படித்து ஈடுகட்டலாம். டொராண்டோவில் தமிழையும் ஒரு பாடமாகப் படித்துக் கிரெடிட் வாங்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் விடக்கூடாத வாய்ப்பு இது!

கிரெடிட் மட்டும் போதாது. எழுத்தறிவுத் தேர்வு உண்டு. தேறாவிட்டால் அதற்கென்று தனிப் பாடமும் இருக்கிறது. பலர் தள்ளிப்போடுவது, அதேபோல் கட்டாயமான 40 மணி நேரச் சமூக சேவையைத்தான். உணவு வங்கியில் டப்பாக்களை அடுக்கினாலும் சரி, முதியோர் இல்லத்தில் உதவினாலும் சரி, படிவத்தில் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே இதைத் தொடங்க விதி இடம் தருகிறது. பெற்றோரே, அந்தப் படிவத்தை இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.