காரு வந்துடுச்சு... காயிதம் வரலீங்க!

டெல்லியில் மலிவாக வாங்கிய கார் அன்னூர் தோட்டத்துக் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும் கதை

அன்னூரைத் தாண்டி சத்தி ரோட்டில் ஒரு தோட்டம். தோட்டத்துக்குள் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு வெள்ளைக் கார்.

மேலே சாக்குப் படுதா போட்டு மூடியிருக்கிறது. படுதாவைத் தூக்கினால் நம்பர் பிளேட்டில் 'டி.எல்.' என்று டெல்லி எழுத்து!

காருக்குச் சொந்தக்காரர் மளிகைக் கடைக்காரர். சொந்தக்காரர் என்று ஊரார் சொல்கிறார்கள். ஆனால் சர்க்கார் கணக்கில் அவர் சொந்தக்காரர் இல்லை.

"ஏனுங் தம்பி, என்ற பேரு மட்டும் பேப்பர்ல போட்டுராதீங்க. கடைக்கு வர்றவங்க சிரிப்பாங்க" என்று கேட்டுக் கொண்டார். போடவில்லை.

நடந்தது என்ன?

அவர் கூறியதாவது:-

"செல்போன்லதானுங்க போட்டோ பாத்தேன். கோயமுத்தூர்ல கேட்ட விலைக்கு ஒரு லட்சம் கம்மி. பாதிப் பணம் முன்னாடி, மீதி லாரில ஏத்துனப்பறம்னாங்க. கட்டிட்டேன். காரு பத்திரமா வந்து எறங்குச்சு. என்.ஓ.சி. பத்து நாள்ல கொரியர்ல வரும்னாங்க. எட்டு மாசம் ஆச்சுங்க!"

காரணம் பிறகுதான் தெரிந்தது. காரின் முதல் ஓனர் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் அப்படியே நிற்கிறது. கடன்காரர் சம்மதிக்காமல் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் இங்கே பெயர் மாறாது.

வியாபாரிக்குப் போன் போட்டால் முதலில் "அடுத்த வாரம்" என்றார்களாம். இப்போது மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

ஏன் இந்த மலிவு?

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெயே கிடையாது என்றார்கள். சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகும் கோர்ட்டு உத்தரவுகள் மாறின.

இந்தக் குழப்பத்தில் அங்கே கார் விலை சரிகிறது. சரிந்த விலை நம் ஊர்க்காரர் கண்ணை இழுக்கிறது!

மலிவில் குற்றம் இல்லை. ஆனால் அங்கே சொல்கிற விலை மட்டும் விலை அல்ல. லாரி வாடகை, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சம் மிச்சம் எங்கே நிற்கும்?

சட்டம் சொல்வது

வெளி மாநிலக் காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த மாநில நம்பர் வாங்கியாக வேண்டும். என்.ஓ.சி.க்குப் படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. கடன் தீர்ந்ததற்கு 35. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் கார் அடிபடும்போது கம்பெனி கை விரிக்கும்.

விற்றவர் நிம்மதியாகத் தூங்கலாமா? அதுவும் முடியாது. 2009-ல் நடந்த ஒரு விபத்து வழக்கில், "காரை 2007-லேயே விற்று விட்டேன்" என்றார் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். கார் பல கை மாறியிருந்தது. ஆனாலும் நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி விட்டது.

பழைய கார் வியாபாரிகளுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் கடிவாளம் உண்டு. போக்குவரத்து ஆபீசில் பதிந்து அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். கார் தன் கைக்கு வந்ததையும் அவர் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட வியாபாரியே என்.ஓ.சி.க்கு மனுப் போடலாம். "அந்தச் சான்றைக் காட்டுங்க" என்று முதல் போனிலேயே கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்து விடுங்கள்!

வெள்ளத்தில் குளித்த கார்

ஆபத்து டெல்லியில் மட்டும் இல்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய காரைப் பளபளவென்று துடைத்து விற்றால் போட்டோவில் தெரியுமா?

நேரில் போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை சொல்லும். மிதியடி விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போகிற ரயில் செலவு வீண் செலவு அல்ல.

பணம் கட்டும் முன்...

சர்க்காரின் 'பரிவாகன்' தளத்தில் கார் நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடன், இன்சூரன்ஸ், பதிவுத் தேதி தெரியும். திருட்டுக் காரா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' பதிவில் பார்க்கலாம். சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப் போக வேண்டும்.

என்.ஓ.சி. கைக்கு வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

"மிலிட்டரிக்காரன் நான், மாற்றலாகிப் போகிறேன், பணம் அனுப்பினால் காரை அனுப்புகிறேன்" என்று ஒரு கும்பல் ஏமாற்றுவதாகப் போலீசார் பல முறை எச்சரித்திருக்கிறார்கள். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணமும் போய்விடும்.

மளிகைக் கடைக்காரருக்கு வழி?

இருக்கிறது. கேஸ் போட அவர் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கோவையில் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதைச் சொன்னதும் அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு.

"ரசீது, போன்ல பேசுனது எல்லாம் வெச்சிருக்கறேனுங்க. ஆயுத பூசைக்குக் காருக்குப் பொட்டு வெச்சேன், எலுமிச்சம்பழம் நசுக்குனேன். அதோட சரி. பொண்ணைக் காலேசுக்குக் கூட்டிப் போலாம்னுதான் வாங்குனது. அது இன்னும் பஸ்ஸுலதான் போகுதுங்க."

வாசகர்களே, காரைப் பார்ப்பதற்கு முன் காயிதத்தைப் பாருங்கள்!