ஓடாத காருக்கும் பிரேக் ஆயில் கெடும்

வடசென்னையின் கொடுங்கையூருக்கும் வங்கக்கடலுக்கும் சில கிலோமீட்டர்தான் தூரம். அந்த உப்பு ஈரக் காற்றில் நிற்கும் பழைய அம்பாசிடரோ, 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ பிரேக் பிடிக்காமல் போனால், புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் மாஸ்டர் சிலிண்டர் தேடுவதே பலருக்கு முதல் வேலை. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலில் ஆயிலைப் பார்ப்போம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும், சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மிதித்து மிதித்து டிரம் சூடேறும்போது அந்த ஆயில் ஆவியாகும். பெடல் தரையைத் தொடும். கொதிக்காவிட்டாலும் அதே தண்ணீர் வீல் சிலிண்டரைத் துருவேற்றிக் குழி விழச்செய்யும், அந்தக் குழி ரப்பர் கப்பை அரைக்கும். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை என்பதால், ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

எப்போதாவது எடுக்கும் வண்டிக்கு எதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஈரம் கிலோமீட்டர் பார்த்து ஏறுவதில்லை. ஆயில் டப்பாவின் மூடியில் காற்றுத் துளை உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெல்ல ஊடுருவும். ஓடும் வண்டியில் பிஸ்டனாவது அசைந்துகொண்டிருக்கும். நிற்கும் வண்டியில் அது துருவோடு இறுகிவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ஈரம் ஏற்காத சிலிகான் ஆயிலும் தீர்வாகாது: உள்ளே வந்த தண்ணீர் அதில் கலக்காமல் தாழ்வான இடத்தில் தேங்கி, அங்கேயே துருப்பிடிக்க வைக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பெடலைக் கவனிக்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. இரண்டு மூன்று மிதியில் உயர்ந்து கெட்டியானால் ஷூ தளர்ந்திருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தாலே போதும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஆயில் பட்ட லைனிங்கையோ இறுகிய பிஸ்டனையோ தேட வேண்டும். காலை எடுத்த பிறகும் பிரேக் விடாவிட்டால் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். வெளியே எங்கும் ஒழுகாமல், அழுத்திப் பிடித்த பெடல் மெதுவாக இறங்கினால் மட்டுமே மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகப்பட நியாயம் உண்டு. அப்போதும் குழி விழாத சிலிண்டருக்குப் புதிய ரப்பர் கிட் போதும். கழுவுவதற்கு பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடவே கூடாது; அதில் ரப்பர் ஊதிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். புதிய பிரேக் ஆயிலையே ஊற்றிக் கழுவலாம்.