காக்பிட்டில் கேமரா: குட்டி விமானத்தில் வீடியோ எடுக்க எது சரி, எது ஆபத்து?

2014 மே 31. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், வாட்கின்ஸ் என்ற ஊர் அருகே நள்ளிரவு தாண்டிய நேரம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய செஸ்னா 150 விமானம் ஒன்று, புறப்பட்ட சில நிமிடங்களில் கீழே விழுந்து நொறுங்கியது. விமானியும் உடன் சென்றவரும் உயிரிழந்தார்கள்.

சிதைந்த பாகங்களுக்கு அருகே ஒரு கோப்ரோ கேமரா கிடைத்தது. விபத்தில் முடிந்த அந்தப் பயணம் அதில் பதிவாகவில்லை. ஆனால், அதற்கு முன்பு நடந்த சின்னச் சின்னப் பயணங்கள் இருந்தன. விமானியும் அவருடன் வந்தவர்களும் செல்போனில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் இருட்டில், விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, ஃபிளாஷ் போட்டு! கடைசிப் பயணத்திலும் போன்தான் விமானியின் கவனத்தைச் சிதறடித்திருக்க வேண்டும், அதனால் மேகத்துக்குள் திசை உணர்வு குழம்பி கட்டுப்பாட்டை இழந்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தது, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே காக்பிட்டில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று யாரையும் தொந்தரவு செய்யாமல் தன் போக்கில் பதிவு செய்தது. இன்னொன்று விமானியின் கையில் இருந்தது. நீங்கள் வாங்க வேண்டியது முதல் வகை. காக்பிட் கேமராவுக்கு மெகாபிக்சல், 4கே, 8கே எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி ஒன்றே ஒன்று: புறப்பட்டதிலிருந்து தரையிறங்கும் வரை இதைத் தொடாமல் இருக்க முடியுமா?

எதற்காகப் பதிவு செய்ய வேண்டும்?

யூடியூபுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பைலட் ஆகும் கனவோடு வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் நம்மூர் மாணவர்களுக்கு காக்பிட் வீடியோ ஒரு நல்ல வாத்தியார். செஸ்னா 172 மாதிரி நான்கு இருக்கை விமானத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி என்பது கையைக் கடிக்கும் செலவு. தரையிறங்கும்போது கண் எங்கே போனது, கட்டுப்பாட்டு கோபுரம் சொன்னதில் எதைத் தவறவிட்டோம், வேகம் எப்போது குறைந்தது... பறக்கும் பதற்றத்தில் பாதி நினைவிலேயே நிற்காது. அறைக்கு வந்து வீடியோவை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதே பாடத்துக்கு இன்னொரு முறை காசு கட்டுவதைத் தவிர்க்கலாம்.

கையிலதான் போன் இருக்கே, போதாதா?

போதும்னு தோணும். மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, அதிர்வு. பிஸ்டன் இன்ஜின் ஓடும்போது மொத்த விமானமும் அதிரும். பல போன்களில் படம் ஆடாமல் இருக்க லென்ஸே மெல்ல நகரும் அமைப்பு உண்டு. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு நீண்ட நாள் பட்டால் ஐபோன் கேமராவின் தரம் குறையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. விமான இன்ஜினின் அதிர்வும் அந்த லென்ஸுக்கு நல்லதில்லை.

இரண்டாவது, வெப்பம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் நிற்கும் விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். போன் என்றால் மெசேஜ் வரும், அழைப்பு வரும், கை தானாகப் போகும். அவசரத்துக்குத் தொடர்புகொள்ளவும் அதுதான் வேண்டும். அதை ஜன்னலில் ஒட்டிவைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

அப்போ எந்த வகை கேமரா?

ஆக்‌ஷன் கேமரா: கோப்ரோ, டிஜேஐ ஆக்‌ஷன் போன்றவை. சிறியவை, எடை குறைவு, அகலமான கோணம், லென்ஸ் நகரும் பாகங்கள் இல்லை. ஒரே பட்டனில் பதிவு தொடங்கிவிடும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும். பயண வேகம், உயரம் ஆகியவற்றை வீடியோவின் மேல் காட்ட விரும்பினால் ஜி.பி.எஸ். இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உதாரணமாக, கோப்ரோ ஹீரோ 12-ல் ஜி.பி.எஸ். இல்லை, 2024-ல் வந்த ஹீரோ 13-ல் மீண்டும் வந்துவிட்டது.

360 டிகிரி கேமரா: எல்லா திசையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். எந்தப் பக்கம் காட்டுவது என்பதை வீட்டுக்கு வந்து முடிவு செய்யலாம். வானில் கோணத்தைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை என்பதால் நம் முதல் கேள்விக்கு இது நல்ல பதில். ஆனால், அதே 4கே படம் எல்லா திசைக்கும் பிரிந்துபோவதால் மீட்டர்களில் இருக்கும் எண்கள் தெளிவாகத் தெரியாமல் போகலாம். எடிட்டிங் வேலையும் அதிகம்.

மிரர்லெஸ் கேமரா: படம் அழகாக வரும். ஆனால், எடை அதிகம். குலுங்கலில் கழன்று விழுந்தால் அது கேமரா இல்லை, ஒரு கல். தனியாக விமானம் ஓட்டுபவருக்கு இது வேண்டாம்.

புரொப்பல்லர் ஏன் வாழைப்பழம் மாதிரி வளையுது?

காக்பிட் வீடியோ எடுத்த எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேமரா பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு. பழுதெல்லாம் இல்லை.

சாதாரண கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே நொடியில் மொத்தமாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் புரொப்பல்லர் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதனால் நேரான பிளேடு வளைந்தது போலவும், துண்டு துண்டாக மிதப்பது போலவும் பதிவாகிறது.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று. பளீர் வெயிலில் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அளவுக்கு ஏற்றிவிடும். அந்த நேரத்தில் புரொப்பல்லர் சுமார் 7 டிகிரிதான் திரும்பும். பிளேடு 'கூர்மையாக' விழுவதால் வளைவு அப்பட்டமாகத் தெரியும். அதே ஷட்டர் 1/60 நொடி என்றால் புரொப்பல்லர் 240 டிகிரி திரும்பிவிடும். இரண்டு பிளேடுகளும் சேர்ந்து வட்டம் முழுவதையும் துடைத்துவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது போலவே மெல்லிய புகைவட்டமாக இருக்கும்.

ஷட்டரை மெதுவாக்க என்ன வழி? ஆக்‌ஷன் கேமரா பலவற்றில் லென்ஸின் துளை அளவை மாற்ற முடியாது. எனவே, வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு ஒரு கூலிங் கிளாஸ் போட வேண்டும். அதுதான் என்.டி. ஃபில்டர். 1/1000 நொடியை 1/60-க்குக் கொண்டுவர வெளிச்சத்தை 16-ல் ஒரு பங்காக்க வேண்டும், அதற்கு என்.டி. 16 சரியாக இருக்கும். இன்னும் கடும் வெயிலுக்கு என்.டி. 32. விலை கேமராவோடு ஒப்பிட்டால் சொற்பம். கேமராவை மாற்றுவதைவிட இதுதான் படத்தை மாற்றும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஃபில்டர் வாங்கும்போது 'போலரைசர்' கலந்ததை எடுத்துவிடாதீர்கள். விமானத்தின் ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக். போலரைசர் வழியாகப் பார்த்தால் அதில் வானவில் திட்டுகள் தெரியும். டிஜிட்டல் திரைகளும் கறுத்துப்போகலாம்.

எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்கும் 'குளோபல் ஷட்டர்' கேமரா இருக்கிறதே என்று கேட்கலாம். சோனி 2023-ல் அறிவித்த ஏ9 த்ரீ அப்படிப்பட்டதுதான். விலையோ பல லட்சம். நமக்கு என்.டி. ஃபில்டரே போதும்.

ஆட்டத்தை நிறுத்தும் வசதி வேண்டுமா?

தெருவில் நடக்கும்போது கைகொடுக்கும் 'ஸ்டெபிலைசேஷன்' காக்பிட்டில் கேமராவைக் குழப்பும். விமானம் சாயும்போது கேமராவும் சேர்ந்து சாய்கிறது. அந்த அசைவை 'ஆட்டம்' என்று நினைத்து மென்பொருள் திருத்தப் பார்க்கும். விளைவு, விமானத்தின் உட்புறம் ரப்பர் போல இழுபடும். அதைக் குறைந்த அளவில் வைத்து ஒருமுறை, அணைத்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேமராவை உறுதியாக மாட்டினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சத்தம்தான் பாதி வீடியோ

கேமராவின் சொந்த மைக்கை நம்பினால் இன்ஜின் இரைச்சல் மட்டும்தான் கிடைக்கும். பயிற்சிக்குத் தேவையானது ரேடியோ உரையாடலும் பயிற்சியாளரின் குரலும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை ஹெட்செட்டின் காதுக் கிண்ணத்துக்குள் செருகிவிடுவது. இன்னொன்று, ஹெட்செட் ஜாக்கிலிருந்து ஒலியைப் பிரித்து எடுக்கும் கேபிள். இரண்டாவது வழியில், விமானங்களுக்கென்றே செய்யப்பட்ட, ஒலி அளவைக் குறைத்துத் தரும் கேபிளை வாங்குங்கள். ஹெட்செட்டுக்குப் போகும் சிக்னல் மைக் உள்ளீட்டுக்கு மிக அதிகம். நேரடியாகக் கொடுத்தால் கரகரப்புதான் மிஞ்சும். சில ஆக்‌ஷன் கேமராக்களில் மைக் ஜாக்கே இருக்காது, தனி அடாப்டர் வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது?

கண்ணாடியில் ஒட்டும் சக்‌ஷன் கப் பிரபலம். ஆனால், அது பிடித்துக்கொண்டிருப்பது காற்றழுத்தத்தால். 10,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். தரையில் கெட்டியாக ஒட்டியது மேலே போய்த் தளரலாம். எனவே, ஒரு சின்னக் கயிற்றில் கேமராவைக் கட்டிவிடுவது கட்டாயம். கழன்று விழும் கேமரா கால் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காந்தம் வைத்த மவுன்ட்டை டேஷ்போர்டு பக்கமே கொண்டு போகாதீர்கள். அங்கேதான் காந்தத் திசைகாட்டி இருக்கும். தவறான திசையைக் காட்டிவிடும். கேமரா உங்கள் பார்வையை மறைக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை முழுதாக இழுத்தும் திருப்பியும் பார்த்து எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். இருக்கைகளுக்கு நடுவே, தலைக்குச் சற்று மேலே, பின்னாலிருந்து பார்க்கும் கோணம் பயிற்சிக்கு நல்லது. மீட்டர்கள், கைகள், ஓடுபாதை மூன்றும் ஒரே படத்தில் வரும்.

இறக்கையிலோ வாலிலோ வெளியே மாட்டுவது வேறு விஷயம். அது விமானத்தின் அமைப்பையே தொடுகிறது. தகுதியான பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் கூடவே கூடாது.

பேட்டரியும் கார்டும்

விநாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜி.பி. ஆகும். ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு 40 ஜி.பி.க்கு மேல். 128 ஜி.பி. கார்டு இருந்தால் நடுவில் மாற்ற வேண்டியதில்லை. விமானத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட் இருந்தால் காரில் பயன்படுத்தும் சார்ஜரை அப்படியே செருகிவிடாதீர்கள். பல விமானங்களில் மின்னழுத்தம் 28 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சார்ஜர் எரிந்துபோகலாம். பவர் பேங்க் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வெயில் படாமல் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில், மீட்டர்களை மட்டும் நம்பிப் பறக்கும் பயணங்களில், எலக்ட்ரானிக் கருவி எதுவும் விமானத்தின் கருவிகளைப் பாதிக்காது என்று விமானத்தை இயக்குபவர் உறுதி செய்ய வேண்டும். எந்தப் பயணமாக இருந்தாலும் தரையிலேயே கேமராவை ஓடவிட்டு, ரேடியோவில் இரைச்சல் வருகிறதா, ஜி.பி.எஸ். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வைஃபையை அணைத்து வைப்பது நல்லது.

இந்தியாவில் 1937-ம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி, பறக்கும் விமானத்திலிருந்து படம் எடுக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்கிறது. பயணிகள் விமானத்தில் நாம் ஜன்னலோரம் எடுக்கும் படங்களுக்கு டி.ஜி.சி.ஏ. தனியாக விலக்கு தந்திருக்கிறது. அந்த விலக்கு பயிற்சி விமானத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் பள்ளியிடம் கேளுங்கள்.

கேமராவுக்காகப் பறந்தால்...

2021 நவம்பரில் கலிஃபோர்னியாவின் லாஸ் பாட்ரெஸ் காட்டுப் பகுதி மேலே, யூடியூபர் ட்ரெவர் ஜேக்கப் தன் சிறிய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். இன்ஜின் நின்றுவிட்டது என்றார். விமானத்தில் பல கேமராக்கள், கையிலும் ஒன்று. 2022-ல் அவருடைய பைலட் உரிமம் ரத்தானது. விமானத்தின் சிதைவுகளை அழித்து விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

எல்லோரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால், 'இந்த ஷாட் நல்லா வரணும்' என்று ஒரு நொடி கேமராவைத் திரும்பிப் பார்ப்பதும் அதே பாதையின் முதல் படிதான். பெரிய பயணிகள் விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே, பறப்பதற்குச் சம்பந்தமில்லாத பேச்சும் வேலையும் கூடாது என்ற விதி 1981-லிருந்து அமெரிக்காவில் இருக்கிறது. குட்டி விமானத்துக்கு அந்த விதி பொருந்தாது. நீங்களாகப் பொருத்திக்கொள்ளலாம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ரெக்கார்டு பட்டனை அழுத்துங்கள். விமானத்தை நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகு மறுபடி தொடுங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தாலும், கார்டு நிறைந்தாலும், கேமரா கோணல் ஆனாலும்... போகட்டும், விடுங்க. வீடியோவை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம்.