வென்றும் ஏற முடியாத படி

கால்பந்தாட்டத்திற்கு வேண்டுவன ஒரு பந்தும் சமதரையுமே என்று எண்ணுவோர் நம்மில் பலர். லாங் ஐலண்டில் குடியேறி வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவ்வெண்ணத்துடனேயே பந்தை உதைக்கின்றனர். ஆனால் மெயின்லேண்டில் இவ்வாட்டம் பணப்பையின் கனத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஆட்டத்தில் வல்ல பிள்ளையைப் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

முன்னாளில் நன்றாக ஆடுபவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. ரயில்வேயும் போலீஸும் வங்கிகளும் ஆட்டக்காரர்களை வேலையில் அமர்த்தின. கால் ஓய்ந்த பின்னும் சம்பளம் ஓயவில்லை. நாம் குமாஸ்தாவாக ஊழியம் பார்க்கும் ரயில்வேயின் கோஷ்டி 1961-62, 1964-65, 1966-67 ஆகிய ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பையை வென்றது. (ரயிலே இல்லாத தீவினரிடம் ரயில்வேயின் பெருமையா என்று நேயர்கள் நகைக்க வேண்டாம்!)

2010இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பயனாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. செல்வர்களும் நடிகர்களும் கோஷ்டிகளுக்கு உரிமையாளராயினர். பழைய ஐ-லீகில் எவர் வென்றாலும் அங்கே ஏறுவதற்குப் படி வைக்கப்படவில்லை.

இந்நிலையில்தான், 1946இல் தோன்றிய சென்னை சிட்டி கழகம், கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தன் களமாகக் கொண்டு ஐ-லீகில் ஆடியது. 2019 மார்ச் 9ஆம் நாள் கடைசிப் பந்தயம். மினர்வா பஞ்சாப் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. நம்மவர் கலங்காது 3-1 என்று திருப்பி ஜயித்தனர். ஆகமொத்தம் 43 புள்ளிகள். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. அத்தொடரில் பெட்ரோ மன்சி மட்டும் 21 கோல்கள் போட்டார்.

பலன் என்ன? மேல் லீகின் கதவு மூடியே இருந்தது. குமரிக் கடற்கரைப் பிள்ளையான மைக்கேல் சூசைராஜ் 2018இலேயே ஜாம்ஷெட்பூருக்குச் சென்றிருந்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019இல் சூப்பர் லீகின் சென்னையின் எஃப்.சி.யில் சேர்ந்தார். மன்சி 2020இல் ஜப்பான் சென்றார். போனவர்களை நாம் குறைகூறோம்; ஆடும் காலம் சில ஆண்டுகளே. ஆயினும் விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்.

அமெரிக்காவிலோ கல்லூரிகளுக்குள்ளேயே இக்கதை நடக்கிறது. (அவர்கள் ஃபுட்பால் என்பது வேறோர் ஆட்டம், பெரிதும் கையால் ஆடுவது.) 2025-26இல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. எத்தனை கல்லூரிகளால் இயலும்? நம் தீவின் பெயரையே தாங்கிய நியூயார்க் லாங் ஐலண்டில், ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம் செலவைக் கருதி 2009இலேயே அவ்வாட்டத்தைக் கைவிட்டுவிட்டது.

நிற்க. ஐ-லீகை வென்றவருக்குச் சூப்பர் லீகின் கதவு 2022-23 தொடரில்தான் திறந்தது. அவ்வாண்டு வென்று மேலேறியது பஞ்சாப் கழகம். 2019இல் நம்மவரிடம் தோற்ற அதே மினர்வா, ரவுண்ட்கிளாஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. சென்னை சிட்டியோ 2021-22 தொடரிலேயே இடம்பெறவில்லை.